ரெண்டு முப்பத்தொண்ணு

டாக்டருக்குப் படிக்கல எக்கா. நர்சுக்கும் இல்ல. பி.எஸ்.சி. கார்டியாக் டெக்னாலஜி. சொன்னா யாருக்கும் புரியாது. நெஞ்சுல வயர ஒட்டி ஈசிஜி எடுக்கது, எக்கோ எடுக்கயில பக்கத்துல நிக்கது, டாக்டர் ரத்தக்குழாய்க்குள்ள வயர விடும்போது மிஷினப் பாத்துக்கிடுதது, இதெல்லாம் நாங்கதான். எக்ஸ்ரேக்குப் படிக்கவ, டயாலிசிசுக்குப் படிக்கவ, ஆப்பரேசன் தியேட்டருக்குப் படிக்கவன்னு எங்க கட்டடம் பூரா இப்படிப் புள்ளையளுதான். வெள்ளக்கோட்டு எல்லாருக்கும் ஒண்ணு. அதப் போட்டுக்கிட்டு ஊருக்குப் போனா "டாக்டரம்மா வந்துட்டா"ம்பாவ. எங்க அம்மையும் இல்லன்னு சொல்ல மாட்டா.

பஸ்ஸுல உக்காந்ததும் எங்க போறேன்னுதான கேட்டிய. கூடப் படிக்க புள்ள வீட்டுக்கு. ரெஜினான்னு பேரு. திசையன்விளைக்கு அங்கிட்டு, கடக்கரை ஊரு. மவளுக்குச் சொகமாகணும்னு அவ அம்மை நேந்துக்கிட்டதுக்கு இன்னைக்கு ஊருக்கே சோறு போடுதாவ. நான் வந்தாத்தான் பந்தி தொடங்கும்னு சொல்லிட்டாவ.

ஆமா, நல்ல காரியத்துக்குத்தான் போறேன். பொறவு ஏன் மூஞ்சி இப்படிக் கெடக்குன்னு நீங்க கேக்கது நியாயம். பயமா இருக்கு எக்கா. ஒரு வருசமா பயமாத்தான் இருக்கு. நீங்க யாருன்னு எனக்குத் தெரியாது, நான் யாருன்னு ஒங்களுக்குத் தெரியாது. அதனால சொல்லுதேன். இன்ன வரைக்கும் யாருட்டயும் சொன்னதில்ல.

ரெண்டாம் வருசத்துல ஈசிஜி பிராக்டிகல். ஒருத்தருக்கொருத்தர் எடுத்துப் பழகணும். நல்லா வந்த பேப்பர் ஒண்ண ரெக்கார்டு நோட்டுல ஒட்டி, கட்டம் எண்ணி அளவு எழுதணும். பொம்பளப் புள்ளையளுக்கு மத்தியானம் ரெண்டு மணிக்கு மேல, ஓபி முடிஞ்ச பொறவு, ஸ்கிரீன் போட்டு ரூம் தருவாவ. நானும் ரெஜியும் சோடி. ஹாஸ்டல்லயும் ஒரே ரூம். சாப்பாட்டுத் தட்டு மட்டுந்தான் வேற வேற.

மொதல்ல அவ எனக்கு எடுத்தா. நல்லா வந்துது. அடுத்து நான் அவளுக்கு எடுத்தேன். பேப்பர் வெளிய வருது, நான் பாக்கேன். கோடு சரியா இல்ல.

எப்படிச் சொல்ல. நெஞ்சுக்குள்ள மேல இருந்து கீழ கரண்டு வார வழி ஒண்ணுதான் எக்கா. சில பேருக்குப் பிறப்புலயே குறுக்க இன்னொரு வழி இருந்துரும். அப்படி இருந்தா பேப்பர்ல கோடு செங்குத்தா ஏறாது, ஏணி சாத்தி வச்ச மாதிரி சரிஞ்சு ஏறும். அது மூணாம் வருசப் பாடம். நான் முன்னாடியே படிச்சு வச்சிருந்தேன். என் கெட்ட நேரம். படிக்காட்டா எனக்கு ஒண்ணும் தெரிஞ்சிருக்காதுல்லா.

அவ படுத்துக்கிட்டே, "என்னட்டி, உயிரோட இருக்கேனா?"ன்னு கேட்டுச் சிரிக்கா.

"வயரு சரியா ஒட்டல. சும்மா கெட"ன்னேன்.

துடைச்சிட்டு மறுபடி எடுத்தேன். அதே மாதிரி. மூணாவதும் எடுத்தேன். அதே மாதிரி.

மேடத்துட்டச் சொல்ல வேண்டியதுதானன்னு கேப்பிய. எங்களுக்கு ஈசிஜி சொல்லிக்குடுக்க சாந்தகுமாரி மேடம் எப்படின்னு தெரியாம கேப்பிய. அதுக்கு முந்தின வாரந்தான் ஒரு தாத்தாவுக்கு வலது கை வயர இடது கையிலயும், இடது கை வயர வலது கையிலயும் மாத்தி மாட்டிட்டேன். டாக்டர் பேப்பரப் பாத்துத் திடுக்கிட்டு, அந்த மனுசன அட்மிட் பண்ணவே எழுதிட்டாரு. மேடம் வந்து பாத்துட்டு, அம்பது பேர் நிக்கையில சொன்னாவ, "பரிச்சையில மொத ஆளு, வேலையில கடைசி ஆளு"ன்னு. மறுபடி போய், மேடம் ரெஜிக்கு நெஞ்சுல கோளாறுன்னு சொல்லி, அது என் கைத்தப்பா இருந்துட்டா?

அது மட்டுமில்ல. ரெஜி அப்பா அவள இங்க அனுப்பினதே பெரிய பாடு. ஒரு தலவலின்னு போன்ல சொன்னாக்கூட, "படிச்சது போதும், பொட்டியக் கெட்டு"ம்பாரு. நெஞ்சுல கோளாறுன்னா விடுவாரா? பொறவு கல்யாணப் பேச்சு வரயில எவன் கெட்டுவான்? நான் அவளுக்காகத்தான் எக்கா யோசிச்சேன்.

அவ நெஞ்சுல தடவின கீரிமத் துடைச்சு மூஞ்சி கழுவப் போனா. நான் ஸ்கிரீன இழுத்து விட்டுட்டு, நானே படுத்து, நானே வயர மாட்டி, நானே பட்டன அமுக்கினேன். பேரு மாத்தல. மிஷின்ல ரெஜினான்னே இருந்துது. பேப்பர் அருமையா வந்துது. அதக் குடுத்தேன்.

அவ கட்டம் எண்ணி, "ஏட்டி, எனக்கு எல்லாம் நார்மலாம்"னு சந்தோசமா எழுதுனா. மேடம் பச்ச மையில கையெழுத்துப் போட்டாவ. அந்த மூணு பேப்பரயும் நான் மடிச்சு, என் பொட்டியில துணிக்கு அடியில வச்சேன். ஏன் கிழிச்சுப் போடலன்னு தெரியல. கிழிக்கதுக்கும் பயமா இருந்துது.

அப்பந்தான் எனக்குப் பயம் தொடங்குச்சு.

ரெஜிக்கு எட்டாங்கிளாஸ்ல இருந்தே அப்பப்ப படபடன்னு வருமாம். நெஞ்சுக்குள்ள குதிர ஓடுதும்பா. பச்சத்தண்ணிய மூஞ்சில அடிச்சா நின்னுரும். அவ வீட்டுல அத நோவுன்னே நெனைக்கல, பயந்த சுபாவம்னு நெனைச்சாவ. அந்தோனியார் கோயில் எண்ணெயத் தேச்சு விடுவாவளாம், அம்புட்டுதான். இதெல்லாம் எனக்கு அந்தப் பேப்பரு எடுத்த பொறவுதான் தெரியும். ஒரு நா ஹாஸ்டல் மாடிப்படியில பாதியில உக்காந்துட்டா. நான் கையப் பிடிச்சுப் பாக்கேன், நாடி எண்ண முடியல.

"ரெஜி, டாக்டருட்டப் போவமா?"

"எதுக்கு? ஈசிஜிதான் நீயே எடுத்தியே. நானே கட்டம் எண்ணினேனே. ஒண்ணும் இல்லட்டி, எல்லாம் பயம். இந்தப் பயத்த நான் ஒழிச்சிருதேன் பாரு."

எப்படி ஒழிக்கா தெரியுமா? ஓடுதா. காலையில மைதானத்த நாலு சுத்து. அம்புட்டு வருசம் ஓடாத புள்ள, அந்தப் பேப்பரப் பாத்த தைரியத்துல ஓட ஆரம்பிச்சிட்டா. ஸ்போர்ட்ஸ் டேக்கு ரிலேயில பேரும் குடுத்துட்டா.

நான் பட்ட பாடு ஒங்களுக்குப் புரியாது. அவ ஓடுத வரைக்கும் மைதானத்து ஓரத்துல நின்னு எண்ணுவேன். அவ குளிக்கப் போனா கதவுக்கு வெளிய நிப்பேன். தண்ணிச் சத்தம் நின்னா, "ரெஜி, ரெஜி"ன்னு தட்டுவேன். "என்னட்டி, மாமியா மாதிரி"ன்னு ஏசுவா. வெயில்ல கறுத்துருவன்னு சொல்லிப் பாத்தேன். முட்டி தேஞ்சிரும்னு சொன்னேன். பரிச்ச வருதுன்னேன். எல்லாஞ் சொன்னேன் எக்கா. அத மட்டும் சொல்லல. வாய் வரைக்கும் வரும். சொன்னா மொதக் கேள்வி என்ன கேப்பா? "அப்ப என் நோட்டுல இருக்கது யாரோடது?"ன்னுதான கேப்பா.

எனக்கே நெஞ்சு படபடன்னு வர ஆரம்பிச்சிட்டு. அம்மை போன்ல, "எதுக்குட்டி குரலு இப்படி இருக்கு?"ன்னா, "படிப்பு ஜாஸ்தி"ம்பேன்.

ஸ்போர்ட்ஸ் டே அன்னைக்கு அவ ஷூவ எடுத்து ஒளிச்சு வச்சேன். வேற என்ன செய்யச் சொல்லுதிய. அவ தேடிப் பாத்துட்டு, வெறுங்காலோட ஓடப் போயிட்டா.

கடைசி ஆளா கட்டைய வாங்கினா. நல்லா ஓடுனா. எல்லாரும் கத்துதாவ, நான் கண்ண மூடிக்கிட்டேன். கோட்டத் தாண்டி நாலு அடி நடந்திருப்பா. அப்படியே முட்டி மடங்கி உக்காந்து, சாஞ்சிட்டா.

மைதானத்துக்கு எதிர்த்தாப்புலதான் எங்க ஆஸ்பத்திரி. தூக்கிக்கிட்டு ஓடுனாவ. கேசுவால்ட்டில அன்னைக்கு ஈசிஜி எடுக்க நின்னது சாந்தகுமாரி மேடந்தான். வயர ஒட்டினாவ. நான் கதவுக்கிட்ட நிக்கேன். மிஷின் அடிக்கு, துடிப்பு இருநூத்தி நாப்பதுங்கு. பிரசர் எறங்கிக்கிட்டே வருது. ரெஜிக்கு நெனவு இருந்துது. ஒதடு மட்டும் வெளுத்திருந்துது.

டூட்டி டாக்டரு கேட்டாரு, "இதுக்கு முன்னாடி எடுத்த ஈசிஜி ஏதும் இருக்கா?"

ரெஜி மெதுவாச் சொல்லுதா, "ரெக்கார்டுல இருக்கு சார். நார்மல். இசக்கி எடுத்தா."

மேடம் என்னயப் பாத்தாவ. "ஓடு. எடுத்துட்டு வா."

ஹாஸ்டலுக்கு ஓடுனேன். நோட்டு அவ மேசையில இருக்கு. அத எடுத்துட்டேன். என் பொட்டியத் தொறக்கதா வேண்டாமான்னு நிக்கேன். அந்தப் பாடத்துல ஒண்ணு படிச்சிருந்தேன் எக்கா. குறுக்கு வழி இருக்கவங்களுக்கு இந்த மாதிரி நேரத்துல, நெஞ்சு வேகத்தக் கொறைக்க வழக்கமாப் போடுத ஊசி சிலதப் போடக்கூடாது. போட்டா ஆளே போயிரும். இந்த நோட்டக் கொண்டுபோய்க் காட்டினா, நார்மல்னு நெனைச்சு அந்த ஊசியப் போட்டுட்டாவன்னா?

பொட்டியத் தொறந்தேன். அத நீங்க மறக்கக்கூடாது. நான் தொறந்தேன்.

ஓடிப்போய் நோட்ட மேசையில வச்சுட்டு, மூணு பேப்பரயும் மேடம் கையில குடுத்தேன். "மேடம், இதுதான் அவளோடது. நோட்டுல ஒட்டினது மாறிப் போச்சு. பேப்பரு கலந்துட்டு, இப்பந்தான் கண்டேன்"னேன். முழுப்பொய்யின்னு சொல்ல முடியாது. மாறித்தான போச்சு.

டாக்டரு வாங்கிப் பாத்த ஒடனே நர்சு கையில இருந்த ஊசிய நிறுத்தச் சொல்லிட்டாரு. மயக்கங் குடுத்து நெஞ்சுல கரண்டு வச்சாவ. ஒடம்பு ஒரு தூக்குத் தூக்கிப் போட்டுது. பொறவு மிஷின்ல கோடு ஒழுங்கா ஓடுது, எழுபத்தெட்டு, எம்பதுன்னு.

மேடம் அந்த மூணு பேப்பரயும் விரிச்சு வச்சுப் பாத்துக்கிட்டு நின்னாவ. மிஷின் ஒவ்வொண்ணுலயும் நேரம் அடிச்சிருக்கும் எக்கா. ரெண்டு பன்னெண்டு. ரெண்டு பதினஞ்சு. ரெண்டு பத்தொம்பது. நோட்டத் தொறந்தாவ. அவங்க கையெழுத்துக்கு மேல, ரெண்டு முப்பத்தொண்ணு. நாலுலயும் ரெஜினான்னுதான் பேரு.

"மூணு தடவ எடுத்திருக்க"ன்னாவ.



வேற ஒண்ணும் கேக்கல. நோட்டுல ஒட்டினதயும் உரிச்சு, நாலையும் ஃபைல்ல வச்சுக் குத்தினாவ. அதுக்குப் பொறவு அந்தப் பேச்சே கெடையாது. ஆனா அடுத்த திங்கக்கெழமையில இருந்து, ஓபியில பொம்பளையளுக்கு எடுக்க ஈசிஜி பூரா இசக்கிதான்னு எழுதிப் போட்டுட்டாவ. ஒரு நாளைக்கு அறுவது பேரு. ஒவ்வொரு பேப்பரயும் அவங்க மேசைக்குக் கொண்டுபோய், இதுல என்ன பாத்தன்னு நான் வாயால சொல்லணும். தப்பாச் சொன்னா ஏச மாட்டாவ. "மறுபடி பாரு"ம்பாவ. பழி வாங்குதாவ எக்கா, வேற என்ன. ஏசிட்டாக்கூட ஒரு நாளோட போயிரும்.

ரெஜிய மதுரைக்குக் கூட்டிட்டுப் போய், தொடை வழியா வயர விட்டு, அந்தக் குறுக்கு வழியச் சுட்டு அடைச்சாவ. இப்ப நல்லாருக்கா. படபடப்பு ஒண்ணும் கெடையாது. அவ அம்மை லூர்தம்மா இருக்காவளே, ஆஸ்பத்திரி வராண்டாவுல என் கையப் பிடிச்சுக்கிட்டு விடவே இல்ல. "எம் மவளக் காப்பாத்தின கையி"ன்னு கண்ணுல ஒத்திக்கிட்டாவ. நான் கைய இழுக்கவா முடியும்? அதுலயிருந்து மாசம் ஒருக்க நெத்திலிக் கருவாடு வரும், மாசிக் கருவாடு வரும். ஹாஸ்டல் பூரா திங்கும். நான் தொட மாட்டேன்.

ரெஜியும் நம்பிட்டா, பேப்பர் கலந்துட்டுன்னு. நம்பிட்டான்னுதான் நான் நெனைச்சேன்.

மூணாம் வருசத்துல ஆளுக்கொரு கேஸ் எடுத்து எல்லாரு முன்னாடியும் பேசணும். பெரிய ஹால்ல, டிபார்ட்மென்ட் ஹெட்டு, மேடம், சீனியர், ஜூனியர் எல்லாரும் இருப்பாவ. ரெஜி என்ன கேஸ் எடுத்தா தெரியுமா? அவளோட கேஸ. ஆஸ்பத்திரி ஃபைல வாங்கி, ஒரு வாரமா உக்காந்து தயார் பண்ணுதா. நான் பக்கத்துக் கட்டில்ல உக்காந்து பாக்கேன். அந்த நாலு பேப்பரயும் போட்டோ எடுத்து கம்ப்யூட்டர்ல ஏத்துதா. எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கல.

போன வியாழக்கெழம. லீவு போடலாம்னு பாத்தேன், மேடம் ஆள் விட்டுக் கூப்பிட்டுட்டாவ. கடைசி பெஞ்சுல உக்காந்தேன். ரெஜி ஏறி நின்னு, "இருவது வயசுப் பெண். சின்ன வயசுல இருந்து படபடப்பு"ன்னு, யாரையோ பத்திச் சொல்லுத மாதிரி சொல்லுதா. பொறவு சுவரு பூரா அந்த நாலு பேப்பரு. ஒண்ணுக்குக் கீழ ஒண்ணு. நேரத்தச் சுத்திச் செவப்பு வட்டம் போட்டிருக்கா.

ஹெட்டு சார் கண்ணாடியக் கழத்தி மாட்டிக்கிட்டுக் கேட்டாரு, "நாலாவது மட்டும் நார்மலா இருக்கே. பன்னெண்டு நிமிசத்துல எப்படி?"

மேடம் என்னயப் பாக்கல, தரையப் பாக்காவ. ரெஜி நேரா கடைசி பெஞ்சப் பாத்தா. பொறவு சாரப் பாத்துத் திரும்பி, "சில பேருக்கு இது விட்டு விட்டு வரும் சார். ஒரு நேரம் தெரியும், ஒரு நேரம் தெரியாது"ன்னா.

"கரெக்ட்"னுட்டாரு. எல்லாரும் கை தட்டினாவ. நானும் தட்டினேன்.

வெளிய வந்து தண்ணி பிடிக்க இடத்துல அவ தனியா நின்னா. கிட்டப் போனேன். "நல்லாப் பேசுனட்டி"ன்னேன்.

பாட்டில மூடிக்கிட்டே சொன்னா, "ஒனக்காகச் சொல்லல இசக்கி. எங்க அம்மைக்காகச் சொன்னேன். ஜெபமாலையில ஒம் பேரச் சேத்துச் சொல்லிக்கிட்டு இருக்கா. அவட்டப் போய் நான் என்னன்னு சொல்ல?"

அம்புட்டுதான். ஏசல, அழல. அன்னைக்கு சாயந்தரமே கட்டில மாடிக்கு மாத்திட்டா. முந்தாநா அவ அம்மை போன் போட்டு, ஞாயித்துக்கெழம கண்டிப்பா வரணும்னாவ. மேடத்தையும் கூப்பிட்டிருக்காவளாம். ரெஜிட்டக் கேட்டேன், வரட்டான்னு. "வா. வந்து சாப்பிட்டுட்டுப் போ"ன்னா. அது என்ன அர்த்தத்துல சொன்னான்னு ரெண்டு நாளா யோசிக்கேன்.

ஆனா எக்கா, ஒண்ணு சொல்லுதேன். அது புத்தகத்துலயும் இருக்கு, விட்டு விட்டு வரும்னு. நான் போய்ப் பாத்துட்டேன். அப்ப நான் என் நெஞ்சுல வயர மாட்டாம, அவளுக்கே நாலாவது தடவ எடுத்திருந்தாக்கூட நார்மலா வந்திருக்கலாம்ல? வந்திருக்கலாம். அப்ப நான் என்ன பெரிய தப்புப் பண்ணிட்டேன்? கடைசியில பொட்டியத் தொறந்தது நான்தான. சொல்லுங்க. நீங்க ஒண்ணுமே சொல்ல மாட்டேங்கிய.

அந்தா, சிலுவ வச்ச வேதக்கோயில் கோபுரம் தெரியுது. அதுதான் ஸ்டாப்பு. அந்தா நிக்காவ பாருங்க, பச்சச் சேல, வெயிலுக்கு முந்தானையத் தலையில போட்டுக்கிட்டு. அதான் லூர்தம்மா. வீட்டுல அம்புட்டு வேலையயும் போட்டுட்டு இங்க வந்து நிக்காவ. ஒவ்வொரு ஜன்னலாப் பாக்காவ.

நான் குனிஞ்சுக்கிடுதேன் எக்கா. நீங்க கொஞ்சம் இந்தப் பக்கம் மறைச்சுக்கிடுங்க. அடுத்த ஸ்டாப்புல எறங்கி, மறு பஸ்ஸப் பிடிச்சுப் போயிருதேன். காய்ச்சல்னு போன் போட்டுச் சொல்லிக்கிடலாம். அந்த அம்மை நிம்மதியா இருக்கட்டும். அவங்களுக்காகத்தான் எக்கா.

ஏன் எந்திரிக்கிய? நீங்க எறங்க வேண்டிய எடம் இது இல்லல்லா.

எக்கா, கண்டக்டரக் கூப்பிடாதிய. எக்கா.

சரி. சரி, என் பைய விடுங்க. பிடிச்சுத் தூக்க வேண்டாம், நானே எந்திரிக்கேன். எறங்குதேன்.